காரணம் எழுதாத மனு

கேள்வி:

"மேடம், எனக்கு 36 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. 2013 ஆவணியில் இந்து முறைப்படி கல்யாணம், பதிவும் செய்திருக்கிறோம். 2016இல் கணவரின் ஐ.டி. வேலைக்காக இங்கிலாந்து வந்தோம். இப்போது லெஸ்டரில் இருக்கிறோம். இருவருக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்துவிட்டது, குடியுரிமை இந்தியாதான். எட்டு வயதில் ஒரு மகள். ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் மாடி அறையில் தனியாகப் படுக்கிறார். சாப்பாடு, பள்ளிக்கூடம் தவிர வேறு பேச்சில்லை. அடி, குடி எதுவும் கிடையாது. ஒன்பது நாளைக்கு முன் கோர்ட்டிலிருந்து ஈமெயில் வந்தது. ஆன்லைனிலேயே விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறார். நாலு தடவை படித்துப் பார்த்தேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. காரணமே சொல்லாமல் ஒருத்தியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நான் பதிலே போடாவிட்டால் கேஸ் நிற்குமா? இந்த விவாகரத்து நம் ஊரில் செல்லுமா? இங்குள்ள வீடு அவர் பெயரில். பெருமாள்புரத்தில் வாங்கிய வீட்டைப் போன வருடம் அவர் அம்மா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குப் போட்ட 60 பவுனும் மாமியார் லாக்கரில். 'பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துருக்கா, மத்தத இங்க வச்சுப் பாத்துக்கிடலாம்' என்று தம்பி எங்கள் இரண்டு பேருக்கும் ஆடி முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டான். போகலாமா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லெஸ்டர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மனு கையில் கிடைத்த 14 நாளுக்குள் 'பெற்றுக்கொண்டேன்' என்று அந்த நீதிமன்றத்துக்கு நீங்கள் பதில் அனுப்ப வேண்டும். ஒன்பது நாள் ஓடிவிட்டது என்று எழுதியிருந்ததால் இதை மட்டும் தனி மடலில் உடனே சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். நம் ஊரில் சம்மனை வாங்காமல் கதவைச் சாத்திக்கொள்வது ஒரு தந்திரம். அதை வைத்து இரண்டு மூன்று வாய்தா ஓட்டலாம். அங்கே அது எடுபடாது. மனு உங்களுக்கு வந்து சேர்ந்தது என்று வேறு வழியில் காட்டிவிட்டு அவர் மேலே போய்க்கொண்டிருப்பார், நீங்கள் இல்லாமலே எல்லாம் முடிந்துவிடும். 'பெற்றுக்கொண்டேன்' என்பது வேறு, 'சம்மதிக்கிறேன்' என்பது வேறு. இந்த வித்தியாசம் பின்னால் இந்தியாவில் உங்களுக்குத் தேவைப்படும். அதனால் பதிலை ஒரு சொலிசிட்டர் (அங்குள்ள வக்கீல்) மூலமாக, 'கிடைத்ததை மட்டுமே ஒப்புக்கொள்கிறேன், விவாகரத்துக்கு இது சம்மதம் ஆகாது' என்ற குறிப்போடு அனுப்பச் சொன்னேன்.

இனி, உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்விக்கு வருகிறேன். காரணமே சொல்லாமல் முடியுமா?

முடியும். 2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதுதான் சட்டம். 'எங்கள் திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரியே முடிந்த முடிவான சாட்சி. ஏன், எதனால் என்று நீதிபதி கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. உங்கள் கணவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இந்தச் சட்டம் வந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அதற்கு முன்பு அங்கேயும் கள்ள உறவு, சகிக்க முடியாத நடத்தை, கைவிட்டுப் போதல் என்று எதையாவது நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் சம்மதித்து இரண்டு வருடம், சம்மதம் இல்லையென்றால் ஐந்து வருடம் பிரிந்திருக்க வேண்டும். ஓவன்ஸ் என்ற தம்பதிக்கு 1978இல் கல்யாணம். 2015இல் வீட்டை விட்டுப் போன மனைவி, கணவரின் நடத்தை சகிக்க முடியவில்லை என்று 27 சம்பவங்களைப் பட்டியல் போட்டு மனு கொடுத்தார். கணவர் எதிர்த்து வழக்காடினார். இவையெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பவைதான், ஊதிப் பெருக்கியிருக்கிறார் என்று கீழ்க் கோர்ட் சொல்லிவிட்டது. முறிந்துபோன கல்யாணம்தான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார், ஆனாலும் விவாகரத்து இல்லை. 2018 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் மனமில்லாமல் அதையே சொன்னது: சட்டம் அப்படி இருக்கிறது, மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். ஐந்து வருடப் பிரிவு முடியும்வரை அந்த அம்மாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டே வருடத்தில், 2020இல், நாடாளுமன்றம் மாற்றியது.

காரணம் எழுதச் சொன்ன காலத்தில் மட்டும் உண்மையை எழுதினார்களா? நான் மதுரையில் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது எங்கள் ஆபீஸ் குமாஸ்தாவிடம் 'கொடுமை' மனுவுக்கு ஒரு மாதிரி இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்: சாப்பாட்டுத் தட்டை வீசினார், பெற்றோரை இழிவாகப் பேசினார், நடுராத்திரி வெளியே தள்ளினார். ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, "அவரு தட்டெல்லாம் வீசினதே இல்லையே சார்" என்றாள். "வீசினாத்தாம்மா டைவர்ஸ் கிடைக்கும்" என்றார் குமாஸ்தா. அந்தக் கணவன் மனுவைப் படித்துவிட்டுக் கோர்ட் வராந்தாவில் அழுததையும் நான் பார்த்தேன். அதுவரை சமாதானமாகப் பிரியத் தயாராக இருந்தவன், அன்றிலிருந்து எட்டு வருடம் வழக்காடினான். உங்கள் மனுவில் எதுவும் இல்லை என்பது உங்களுக்குக் காயம். ஆனால் இருந்திருந்தால் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உலகம் இந்தப் பக்கம்தான் நகர்கிறது, ஒரே வேகத்தில் இல்லாவிட்டாலும். கலிபோர்னியா 1970இலேயே தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1975இன் சட்டப்படி 12 மாதம் பிரிந்திருந்தால் போதும். சிங்கப்பூரில் 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர ஒப்புதல் விவாகரத்து வந்திருக்கிறது. அங்கே மட்டும் ஒரு நுட்பம்: காரணத்தை எழுதித்தான் ஆக வேண்டும், ஆனால் இருவரும் சேர்ந்து எழுத வேண்டும். ஏன் பிரிகிறோம், சேர என்ன முயற்சி செய்தோம், பிள்ளைகளுக்கு என்ன யோசித்திருக்கிறோம் என்று. உங்களைப் போல 'ஏன்' என்று கேட்பவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதலான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றும். ஐக்கிய அமீரகத்தில் 2023 பிப்ரவரி முதல் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தனிச் சட்டம். குற்றம் எதையும் நிரூபிக்காமல் முதல் விசாரணையிலேயே விவாகரத்து கிடைக்கலாம். துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. எதிர்ப் பக்கம் போனவர்களும் உண்டு. சீனாவில் 2021 முதல், சம்மதித்துப் பதிவு செய்யப் போகிறவர்கள் 30 நாள் பொறுத்திருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்தே கிடையாது. 2024 மே மாதம் கீழவை ஒரு மசோதாவை நிறைவேற்றியும் செனட்டில் அது கரையேறவில்லை.

நம் நாட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், உங்கள் மூன்றாவது கேள்வியே அதுதான்.

இந்த விவாகரத்தை நீங்கள் தடுக்க முடியுமா? அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அந்தத் திருமணமே செல்லாது, ஏற்கெனவே விவாகரத்து ஆகிவிட்டது என்பது போன்ற ஒன்றிரண்டு காரணங்களுக்குத்தான் எதிர்க்கலாம். 'எனக்கு விருப்பமில்லை', 'நான் எந்தத் தப்பும் செய்யவில்லை' என்பவற்றுக்கு அங்கே காது கிடையாது. எதிர்த்து நிற்பதில் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்தப் பணமும் தெம்பும் வேறு இரண்டு இடங்களுக்கு வேண்டும்: வீடும் காசும் ஒன்று, பிள்ளை இன்னொன்று.

அதற்கான நேரத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. மனு பதிவான நாளிலிருந்து 20 வாரம் கழித்துத்தான் அவர் நிபந்தனை உத்தரவு, அதாவது விவாகரத்துக்கான முதற்கட்ட உத்தரவு, கேட்க முடியும். அது வந்த பிறகு ஆறு வாரம் கழித்து இறுதி உத்தரவு. ஆக, குறைந்தது ஆறு மாதம். இறுதி உத்தரவு வந்தால் விவாகரத்து மட்டும்தான் முடியும், பண விவகாரம் தானாகத் தீராது. அதற்குத் தனியாக நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். பல பெண்கள் கோட்டை விடுவது இங்கேதான். நிபந்தனை உத்தரவு வந்தபின், 'என் பொருளாதார நிலையைப் பரிசீலித்த பிறகே இறுதி உத்தரவு கொடுங்கள்' என்று எதிர்மனுதாரரான நீங்கள் கேட்கவும் வழி இருக்கிறது. உங்கள் சொலிசிட்டரிடம் அதைக் கட்டாயம் கேளுங்கள்.

வீடு அவர் பெயரில் இருப்பதால் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அங்குள்ள நிலப்பதிவு அலுவலகத்தில் 'ஹோம் ரைட்ஸ்' என்று ஒரு குறிப்பைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது, கணவரின் கையெழுத்தும் வேண்டாம். அது பதிவில் ஏறிவிட்டால் உங்களுக்குத் தெரியாமல் வீட்டை விற்பதோ அதன் மேல் புதிதாகக் கடன் வாங்குவதோ சுலபமாக நடக்காது.

'நான் வேலைக்கே போகவில்லை, எனக்கு என்ன பங்கு' என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்துச் சட்டம் இந்த விஷயத்தில் நம் சட்டத்தைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது. சம்பாதித்தவருக்கும் வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டவருக்கும் வேற்றுமை காட்டக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒயிட் வழக்கிலிருந்து அங்கே நிலைபெற்ற நெறி. கல்யாணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தில் சரிபாதியிலிருந்துதான் பேச்சே தொடங்கும். எட்டு வயதுக் குழந்தை இருப்பதால் அவளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதை முதலில் பார்ப்பார்கள். கம்பெனி ஓய்வூதியத்தை மறந்துவிடாதீர்கள், அதையும் பிரிக்கலாம். ஒருவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்த சொத்தைப் பங்கு போடும் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2025 ஜூலையில் ஸ்டாண்டிஷ் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கோடிகளில் புரள்பவர்களின் வழக்கு, வரியைக் குறைக்க மனைவி பெயருக்கு மாற்றிய சொத்து. உங்களைப் போல கல்யாணத்துக்குப் பிறகு மாதச் சம்பளத்தில் கட்டிய வீட்டுக்கு அது பெரிதாகப் பொருந்தாது.

இந்தியாவில், கோவாவைத் தவிர, 'கல்யாணச் சொத்து' என்று ஒரு கருத்தே சட்டத்தில் இல்லை. ஜீவனாம்சம் உண்டு, பங்கு கிடையாது. ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பில், கணவன் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றார். இருபத்துநாலு மணி நேரமும் வேலை பார்த்தவளுக்குச் சம்பளமும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் எப்படி என்பதுதான் அதன் சாரம். ஒரு தீர்ப்பு சட்டம் ஆகிவிடாது. ஆனாலும் பெருமாள்புரம் வீட்டைப் பற்றிப் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள நல்ல ஆயுதம்.

அந்த வீட்டைத் தன் அம்மா பெயருக்கு எழுதியதை அவர் சாமர்த்தியம் என்று நினைத்திருப்பார். இங்கிலாந்து நீதிமன்றத்தில் இருவரும் உலகத்தில் எங்கே எந்தச் சொத்து இருந்தாலும் காட்ட வேண்டும். மனைவிக்குக் கிடைக்க வேண்டியதைத் தட்டிக்கழிக்கும் விதமாகக் கடந்த மூன்று வருடத்துக்குள் ஒரு சொத்து கைமாறியிருந்தால், அந்த நோக்கத்தில்தான் மாற்றினார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. இங்கே வந்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்வது லேசான காரியமில்லை. ஆனால் அங்கேயே லெஸ்டர் வீட்டைப் பிரிக்கும்போது 'அது உன்னிடம்தான் இருக்கிறது' என்று கணக்கில் கழிக்கலாம். பாளையங்கோட்டைப் பக்கத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பத்திர நகலை எடுத்து அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். டிக்கெட் போட்டதைவிட அது உருப்படியான உதவி.

சொலிசிட்டருக்குப் பணம்? அடி உதை, கட்டுப்படுத்திக் கொடுமை செய்தல் என்று ஆதாரம் இருந்தால்தான் அரசு செலவில் சட்ட உதவி. உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது. ஆனால் வழக்கு முடியும்வரை மாதச் செலவுக்கும், வழக்குச் செலவுக்குமே கணவர் பணம் கொடுக்க வேண்டும் என்று தனித்தனியாக உத்தரவு கேட்கலாம்.

இந்த விவாகரத்து நம் ஊரில் செல்லுமா? இதில் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

1991இல் நம் உச்ச நீதிமன்றம் நரசிம்ம ராவ் வழக்கு என்று ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. (அப்போதுதான் பிரதமரான நரசிம்ம ராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் ஜூனியர்கள் இன்னும் கேட்கிறார்கள்.) திருப்பதியில் 1975இல் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர் அமெரிக்காவின் மிசௌரியில் 'மீட்க முடியாத முறிவு' என்று சொல்லி விவாகரத்து வாங்கிக்கொண்டு, யாதகிரிகுட்டாவில் இன்னொரு கல்யாணம் செய்தார். முதல் மனைவி இருதார வழக்குப் போட்டார். மிசௌரித் தீர்ப்பு இங்கே செல்லாது என்றது நீதிமன்றம். எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்துக்கு, அந்தச் சட்டப்படி அதிகாரமுள்ள நீதிமன்றம் கொடுத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. விலக்குகளும் சொன்னார்கள். அதில் முக்கியமானது: எதிர்த் தரப்பு மனமொப்பிச் சம்மதித்திருந்தால் செல்லும்.

'மீட்க முடியாத முறிவு' என்பது இந்து திருமணச் சட்டத்தில் இன்றுவரை ஒரு காரணமாக இல்லை. சட்ட ஆணையம் 1978இலும் 2009இலும் சேர்க்கச் சொல்லிப் பார்த்தது. 2013இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதாவும் காலாவதியாகிவிட்டது. 2023 மே 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்துக்காக விவாகரத்து கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். திருநெல்வேலிக் குடும்ப நல நீதிமன்றத்துக்குக் கிடையாது.

ஆகவே, நீங்கள் சம்மதிக்காமல் அவர் வாங்கும் தீர்ப்பு அங்கே செல்லும், இங்கே செல்லாது. அங்கே அவர் தனி ஆள், இங்கே இன்னும் உங்கள் கணவர். அவர் ஊருக்கு வந்து வேறு கல்யாணம் செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி இருதாரக் குற்றத்துக்கு வழி இருக்கிறது. இதைக் கேட்டதும் 'அப்படியே கிடக்கட்டும், அலையட்டும்' என்று தோன்றும். எனக்கும் உங்கள் இடத்தில் தோன்றியிருக்கும். ஆனால் அந்த முடிச்சு உங்களையும் சேர்த்துத்தான் கட்டும். நாளைக்கு நீங்கள் வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ள நினைத்தால், இந்தியச் சட்டத்தின் கண்ணில் நீங்களும் கல்யாணமானவர்.

உங்கள் சம்மதம் அவருக்குத் தேவைப்படும் ஒரு பொருள் என்று வையுங்கள். வீடு, ஓய்வூதியம், மகள், நகை எல்லாவற்றுக்கும் அங்குள்ள நீதிமன்றத்தில் முத்திரை விழுந்த உத்தரவு கைக்கு வரட்டும். அதற்குப் பிறகு எழுத்தில் சம்மதம் கொடுங்கள், அல்லது இங்கே இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து மனு போடுங்கள். அதற்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிவுதான், மாடி அறை இங்கே கணக்கில் வரும். இடையிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடியோ மூலமாக ஆஜராக அனுமதியும் கேட்கலாம். நான் இரண்டாவது வழியைத்தான் விரும்புவேன். சம்மதக் கடிதத்தைப் பத்து வருடம் கழித்து யாராவது குடைவார்கள். 13பி தீர்ப்பை அவ்வளவு சுலபமாகக் குடைய முடியாது.

60 பவுன் உங்களுடையது, அதில் பேச்சே இல்லை. கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய ஸ்ரீதனம், யாருடைய லாக்கரில் இருந்தாலும் வைத்திருப்பவர் காவலர் மட்டுமே என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கொன்றில் 89 பவுன் நகையை இழந்த மனைவிக்குக் கணவர் 25 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், குற்ற வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபி என்று அந்தப் பெண்ணிடம் கேட்க முடியாது என்று சொன்னது. உங்கள் அம்மாவிடம் கல்யாண ஆல்பத்தையும் நகைக்கடை ரசீதுகளையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். ஆரம், ஒட்டியாணம், வளையல் என்று படத்தைப் பார்த்து எடையோடு ஒரு பட்டியல் எழுதுங்கள். அங்கே தாக்கல் செய்யும் சொத்து விவரத்திலும் அதைச் சேருங்கள்.

இனி டிக்கெட்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கணவருக்குத் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள். 16 வயதுக்குக் கீழான குழந்தையை, பெற்றோர் உரிமையுள்ள மற்றவரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோவது 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம். தாயாக இருந்தாலும்தான். ஏழு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு.

உங்கள் தம்பிக்கு யாரோ சொல்லியிருப்பார்கள்: 'இந்தியா ஹேக் ஒப்பந்தத்தில் இல்லை, ஊருக்கு வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது' என்று. முதல் பாதி சரி. ஒரு நாட்டிலிருந்து கடத்திக்கொண்டு போன பிள்ளையைத் திருப்பி அனுப்ப நாடுகள் 1980இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. இலங்கைகூட 2001இல் சேர்ந்துவிட்டது, இந்தியா இன்னும் சேரவில்லை. இரண்டாம் பாதிதான் ஆபத்து. 2017இல் இங்கிலாந்திலிருந்து டெல்லிக்கு மகளுடன் வந்த ஒரு தாயின் வழக்கில், அங்குள்ள நீதிமன்றம் திருப்பி அனுப்பச் சொல்லியும், இதயக் கோளாறுள்ள அந்தக் குழந்தையின் நலன்தான் முக்கியம் என்று நம் உச்ச நீதிமன்றம் தாயிடமே விட்டது. அந்த ஒரு தீர்ப்பைத்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2019, 2020, 2022 ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளை அதே நீதிமன்றம் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பதை யாரும் சொல்வதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்து, அந்தப் பள்ளியில் படித்து, அந்த மொழியில் பேசும் எட்டு வயதுக் குழந்தை என்றால், உங்கள் மகளின் கதை எந்த வழக்கோடு ஒத்துப்போகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தோற்றால் மகளோடு திரும்பிப் போகும்போது கைதாகும் பயம் கூடவே வரும். அங்குள்ள வழக்கில் அதுவரை உங்களிடம் இருந்த நல்ல பெயரும் போய்விடும்.

நிரந்தரமாக ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணமா? அதற்கும் முறை உண்டு. அங்குள்ள நீதிமன்றத்திலேயே அனுமதி கேட்க வேண்டும். எந்தப் பள்ளி, யார் வீடு, என்ன வருமானம் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும்விட, அப்பா அவளை எப்படி, வருடத்தில் எத்தனை முறை பார்ப்பார் என்று கேட்பார்கள். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லாததால் கூடுதலாகவே கேட்பார்கள். குழந்தையிடம் பேச ஒரு அலுவலர் வருவார். அவளுக்குச் சொல்லிக் கொடுத்து வைக்காதீர்கள். எட்டு வயதுக் குழந்தை ஒப்பிப்பதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிள்ளை யாரிடம் என்பதில் நாடுகள் ஆளுக்கொரு திசையில் போகின்றன. விவாகரத்துக்குப் பின் ஒருவருக்கே பிள்ளை என்றிருந்த ஜப்பான், 2024இல் சட்டத்தைத் திருத்தி 2026 ஏப்ரல் முதல் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்க வழி செய்தது. அதே 2024 மே மாதம் ஆஸ்திரேலியா, இருவருக்கும் சமப் பொறுப்பு என்ற முன்முடிவையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. பெற்றோர் இருவரும் பிள்ளையின் வாழ்க்கையில் இருப்பது அவளுக்கு நல்லது என்று கருத வேண்டும் என 2014இல் சேர்த்த வாசகத்தை நீக்கப் போவதாக இங்கிலாந்து அரசும் 2025 அக்டோபரில் அறிவித்தது. இவையெல்லாம் கொடுமை செய்யும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைக் காக்க வந்தவை. உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் அவள் உங்கள் இருவருக்கும் பொதுவாகத்தான் இருப்பாள், மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இங்கே வந்து இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து தங்கிவிட்டால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உங்கள் உரிமை காலாவதியாகிவிடும். கோபத்தில் கிளம்பி வந்தவர்கள் பலருக்கு இது மூன்றாவது வருடம்தான் தெரிகிறது.

தம்பி போட்டது ஒருவழி டிக்கெட் என்று நினைக்கிறேன். ரத்து செய்யச் சொல்லுங்கள். அம்மாவைப் பார்க்க வேண்டும்போல இருந்தால், பள்ளி விடுமுறைக்குள், போகவும் வரவும் டிக்கெட் போட்டு, 'இந்தத் தேதியில் போய் இந்தத் தேதியில் திரும்ப எனக்குச் சம்மதம்' என்று கணவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். கேட்டால் மறுப்பார் என்று தோன்றினால் சொலிசிட்டர் மூலமாகக் கேளுங்கள். வரும்போது திருநெல்வேலியில் இரண்டு நாள் போதும், மிச்சத்தில் ஒரு நாளை எனக்கு ஒதுக்குங்கள். மதுரைக்கு ஆல்பத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பட்டியலை உட்கார்ந்து எழுதிவிடலாம்.